வைக்கோல் போருக்குள் இருந்த கல்

அவனும் நானும் பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு நான் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலைக்குப் போனேன். அவன் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் சேர்ந்தான். பேச்சுக்காரன். தாசில்தார் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரையும் அவனுக்குத் தெரியும். நான் டீக்கடையில் இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிற ஆள். அவன் ஒரு கோடைகாலத்தில் ஆலை வாசலுக்கு வந்து, "நாலஞ்சு நாள் லீவு சொல்லுடா, வண்டியில ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை யாரும் அப்படி எங்கேயும் கூப்பிட்டதில்லை.

எதற்கு என்று கேட்டேன். சுமைதாங்கிக் கல் பார்க்க என்றான்.

எங்கள் பக்கத்துப் பழைய சாலைகளில் அந்தக் கற்கள் நிற்கும். நெஞ்சுயரத்துக்கு இரண்டு கால் கல், மேலே குறுக்கே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், அவள் இறக்காமல் போன சுமைக்காக வீட்டார் நட்டு வைப்பது.

அவனுடைய அக்கா அப்படித்தான் இறந்தாள். ஏழாவது மாதம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது அந்த அக்கா எனக்கும் சேர்த்து வேர்க்கடலை வேகவைத்துத் தருவாள். அவளுக்கு ஒரு கல் நட அவர்களிடம் இடமும் இல்லை, வசதியும் இல்லை. "கண்ணுல படுற கல்லுல எல்லாம் அவ பேருக்கு ஒரு வெளக்கு ஏத்துறதா அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்டா. எனக்கு வழி தெரியாது. நீதான் கிராமத்துக்காரன், நீ ஓட்டு" என்றான். இதற்கு மேல் நான் என்ன யோசிப்பேன்?

என் வண்டி பழையது. உதைத்து உதைத்துக் கிளப்ப வேண்டும். அகல் விளக்குகளை வைக்கோலில் சுற்றி ஒரு பையில் போட்டு, நல்லெண்ணெய் பாட்டிலும் காமிராவுமாக அவன் பின்னால் உட்கார்ந்தான். முதல் நாள் பூதலூர்ப் பக்கம் போனோம். கல் இருக்கிறது என்று சொன்ன இடத்தில் டீக்கடை இருந்தது. கல்லும் இருந்தது, கடைக்கு பெஞ்சாக. அதன்மேல் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் சீட்டைக் கவிழ்க்காமலேயே, "கல்லு எங்கேயும் ஓடிப்போயிடாது தம்பி, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார்.

"சினிமா எடுக்குறீங்களாய்யா?" என்று கடைக்காரர் கேட்டார். "எடுத்தா என் கடையையும் சேத்து எடுங்க. போர்டு நல்லா தெரியணும்."

ஆட்டம் முடிந்தபோது எழுந்தார்கள். அவன் விளக்கை ஏற்றி வைத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. சீட்டாடியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு மன்னார்குடிச் சாலை, திருத்துறைப்பூண்டிச் சாலை. கோடை என்பதால் ஆற்றில் மணல்தான். வயல்கள் அறுத்துக் கிடந்தன. சில ஊர்களில் கல் இருந்தது, சில ஊர்களில் ரோடு அகலப்படுத்தியபோது தோண்டி வாய்க்காலில் தள்ளியிருந்தார்கள். ஒரு முக்கில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்களுக்கு நடுவே நின்ற கல்லின் ஒரு காலில் ஒரு கட்சி நிறமும் மறு காலில் மற்றக் கட்சி நிறமும் அடித்திருந்தார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரவில் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தோம். அங்கே இருந்த சாமியார் எங்களுக்குப் பாய் கொடுத்தார். வண்டி ஓட்டும்போது அவன் என் தோள்மேல் கை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதைகளைப் பேசிக்கொண்டே வந்தான். அந்த நாட்கள் போல நான் சந்தோஷமாக இருந்தது குறைவு.

மூன்றாவது நாள் நாகப்பட்டினம் போகும் வழியில், "உங்க மாமா ஊர் இந்தப் பக்கந்தானேடா? அங்க ஒரு கல்லு உண்டுன்னு சொல்வாங்க" என்றான்.

"அங்க கல்லே கிடையாது. சின்ன வயசுல முழுக்க அங்கதான் கெடந்தேன். எனக்குத் தெரியாதா?"

"சரி, இல்லாட்டி போவுது. மாமாவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு? ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போவோம்."

அம்மாவின் தம்பி அவர். அவருடைய அப்பா பண்ணை வீட்டில் கூலிக்கு இருந்தவர். கூலிச் சண்டையும் அடிதடியும் நடந்த காலத்துக்குப் பிறகு, உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடம் மிச்சம் என்று எடுத்த நிலத்தில் ஒரு துண்டு அவர் பெயருக்கு வந்தது. குடும்பம் முழுவதும் அதில்தான் நிமிர்ந்தது. மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே பெண். அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"வாய்யா மாப்ள! வண்டியில வந்தியா, வண்டிய உருட்டிக்கிட்டு வந்தியா?" என்று மாமா வாசலிலேயே சிரித்தார். அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது அவன் எதற்காகச் சுற்றுகிறோம் என்று சொன்னான். அக்கா வலியில் துடித்தது, ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி போர்த்திக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னான். அத்தை சோறு போட்ட கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மாமா பெண் சுவரில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

மாமா மட்டும், "இந்த ஊர்ல அப்படி எதுவும் இல்ல தம்பி" என்றார்.

அத்தை கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மாமா பின்னாலேயே போனார். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"வயித்துப் புள்ளையோட போனவ கல்லு. அதுமேல வைக்கோலப் போட்டு மூடி வச்சுட்டு, என் பொண்ணு எப்படி நல்லபடியா பெத்து எந்திரிப்பா?"

"சும்மா இருடி. எங்கப்பா மூடுனது. நான் இல்ல."

"யாரு மூடுனா என்ன? அவளுக்கு மூச்சு முட்டுமா முட்டாதா? ஒரே ஒரு வெளக்கு. அந்தத் தம்பி ஏத்திட்டுப் போகட்டும்."

மறுநாள் பொழுது விடியும்போது மாமா எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். பழைய வண்டிப்பாதை ஓரத்தில் எப்போதும் போல வைக்கோல் போர் நின்றது. ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிந்ததும் அதே இடத்தில்தான் போடுவார்கள். நான் அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடியிருக்கிறேன். மாமா அடியில் கையை விட்டு வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். உள்ளே இரண்டு கால் கற்கள் நின்றன. மேல் கல் இல்லை.

"சர்க்கார் ஆளுங்க பண்ணையில நெலத்த எழுதிக்க வந்தப்ப, சுமைதாங்கிக்குக் கெழக்க இருக்கிறது தண்ணிப்பந்தல் தர்மத்துக்கு எழுதி வச்சது, எடுக்க முடியாதுன்னு பண்ணையார் சொல்லிட்டாரு. மேக்க இருக்கிறதுதான் சனங்களுக்கு. தண்ணிப்பந்தல இந்த ஊர்ல எவனும் பாத்ததில்ல" என்றார் மாமா. "கல்லு இங்க நிக்கிதுன்னா நான் உழுவுறதுல முக்காவாசி தர்மத்துக்குள்ள போயிடும். அதான் எங்கப்பா மேல் கல்லப் பேத்து ஆத்துல போட்டுட்டாரு. காலு ரெண்டும் அசையல. போரப் போட்டு மூடிட்டாரு. கல்லு எங்க இருந்துச்சுன்னு தெரியாமத்தான் பண்ணை போட்ட கேஸ் இத்தன வருசமா தூங்குது. தம்பி, இது எங்க குடும்பத்தத் தவிர யாருக்கும் தெரியாது. மாப்ளைக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவன் விளக்கை ஏற்றி இரண்டு கல்லுக்கும் நடுவில் வைத்தான். அத்தை பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கும்பிட வைத்தாள். பிறகு அவன் கல்லைத் தொட்டுக்கொண்டு, "எங்க அக்கா மேல சத்தியம் மாமா. என் வாயிலேருந்து வராது" என்றான்.

விளக்கு அணைகிறவரை இருக்கிறேன், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டான். வைக்கோல் பக்கத்தில் நெருப்பு, ஆள் இருந்தால் நல்லது என்று மாமாவும் சொன்னார். நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் அவன் படம் எடுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கோடியக்கரைவரை போய்விட்டுத் திரும்பினோம். ஆவணியில் மாமா பெண்ணுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டு வந்தார்கள். கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானும் அவனும் ரத்தம் கொடுத்தோம். ஆமாம், அவனும் கொடுத்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஐப்பசி மழையில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தபோது, மாமா ஆலைக்கு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கொதிக்கிற நெல்லின் ஆவிக்குள் என்னைத் தேடி வந்து நின்றார்.

"கோர்ட்லேருந்து ஆள் வந்தாங்க மாப்ள. சர்வேயர், விஏஓ, எல்லாரும். யாரையும் எதுவும் கேக்கல. நேரா போருகிட்ட போயி பிரிக்கச் சொன்னாங்க. கையில போட்டோ இருக்கு. கல்லும் இருக்கு, உங்க அத்தை கையும் இருக்கு அதுல, வெளக்குக்கு எண்ணெ ஊத்துற மாதிரி." அவர் மூச்சு வாங்கினார். "பண்ணையார் மவன் மெட்ராஸ்லேருந்து கார்ல வந்திருந்தான். பக்கத்துல உன் சிநேகிதன்."

அத்தை கை என்றதும் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நாங்கள் வயலிலிருந்து சாப்பிடக் கிளம்பிய பிறகு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட அத்தை மட்டும் திரும்பிப் போயிருந்தாள்.

மாமா கட்சிக் கிளைச் செயலாளரிடம் ஓடினார். இந்த நிலம் கிடைத்த காலத்திலிருந்து அந்தக் கட்சிக்குத்தான் அவர் ஓட்டு. சுவரில் தலைவர் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவர். செயலாளர் உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, "பண்ணையார் மகனும் இப்ப நம்ம ஆளுதாங்க. மாவட்டத்துல பொறுப்பு குடுத்திருக்காங்க. நான் யாருக்குன்னு பேசுறது?" என்றாராம். மாமா அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கழற்றவில்லை. பூ வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

நான் பத்திர எழுத்தர் கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 

"வா, டீ சாப்பிடு" என்றான்.

"எதுக்குடா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் கடைக்குள் திரும்பிப் பார்த்துவிட்டு என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான். "அது தர்ம நெலம்டா, பத்திரத்த நானே பாத்தேன். சட்டப்படி அவங்களோடது. நான் சொல்லாட்டி இன்னொருத்தன் சொல்லியிருப்பான்."

"வேற யாருக்கும் தெரியாது."

"உங்கிட்ட சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட. உன்னைத் தவிர யாரு கூடப் போனாலும் உங்க மாமா வாயத் தொறந்திருக்க மாட்டாரு." வேப்பம்பட்டையை நகத்தால் கிள்ளிக்கொண்டே, "வெளக்கு ஏத்துனது நெசம்டா. ஒவ்வொரு எடத்துலயும் அவள நெனச்சுத்தான் ஏத்துனேன்" என்றான்.

அடித்திருக்கலாம். எனக்கு அடிக்கவும் வராது. தோள்மேல் கை வைக்க வந்தான். நான் விலகி, வண்டியை உதைத்தேன். அது கிளம்பவில்லை. அவன் பார்த்துக்கொண்டு நிற்க, உருட்டிக்கொண்டே வந்தேன்.

நின்ற பயிரை அறுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். தை அறுப்புக்கு நான் லீவு போட்டுப் போனேன். மாமா என்னைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. கட்டுத் தூக்கிக் களத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருதரம், "உனக்குத் தெரியுமா தெரியாதா மாப்ள? அத மட்டும் சொல்லிடு" என்றார். தெரியாது என்றேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு, மிஞ்சிய கால்வாசி போதாமல் அவர் அடுத்த ஊரில் குத்தகைக்கு எடுத்து உழுதார். தர்ம நிலத்தில் இறால் குட்டை வெட்டினார்கள்.

மறுவருடம் பேரனுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். அத்தை தனியாகப் பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்தாள். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வந்துடு" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"யாரை அத்தை?"

"அதான், வெளக்கு ஏத்துச்சே. அந்த வெளக்குதான் என் பொண்ண எமன்கிட்டேருந்து இழுத்துட்டு வந்துச்சு. ரத்தமும் குடுத்துச்சே அந்தத் தம்பி."

"அவன்தானே நெலத்தக் காட்டிக் குடுத்தான்?"

"எனக்குத் தெரியாதாடா? நெலத்த நெனச்சு நான் அழுவாத நாள் இல்ல. உங்க மாமா அவனப் பாத்தா வெட்டுவேங்கறாரு. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்." அத்தை முந்தானையால் வாயைத் துடைத்தாள். "காதுகுத்துற அன்னிக்கு அந்தத் தம்பி வந்து புள்ளையத் தூக்கணும். இல்லாட்டி என் மனசு கேக்காது."

அன்று காலையில்தான் அவனைக் கீழவாசல் கடைத்தெருவில் பார்த்திருந்தேன். புது வண்டியில் போனான். என்னைப் பார்த்துக் கை தூக்கினான்.

"அவன் ஊர்ல இல்ல அத்தை. திருப்பூர் பக்கம் போயிட்டான்" என்றேன்.

அத்தை நம்பிவிட்டாள். "வந்தா சொல்லு" என்று சொல்லி, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நான் அவனிடம் சொல்லவில்லை. காதுகுத்துக்கு நானும் போகவில்லை. எப்படியும் வந்துவிடுவான் என்று அத்தை அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.