அப்பா டூர் போகாத கோடை

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி மட்டும் வாயில் வராது. அப்பா ஆபீஸில் என்ன செய்கிறார் என்பதுதான் அது. கேட்கக் கூடாது என்று யாரும் மிரட்டி வளர்க்கவில்லை. செருப்பை வாசலில் விடுவது மாதிரி தானாகப் பழகிவிட்டது. என் அப்பா பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தார். எங்கள் பிளாக்கில் இருந்த எல்லா அப்பாக்களும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள், "அத்தான் என்ன வேலை பாக்காரு?" என்று துருவினால் அம்மா, "கவர்மென்ட் வேலை" என்று சொல்லிவிட்டு அவர்கள் தட்டில் இன்னொரு தோசை போடுவாள். வாயில் தோசை இருக்கும்போது அடுத்த கேள்வி வராது என்பது அவள் கணக்கு.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு நான் படிக்க ஆசைப்பட்டது என்ன தெரியுமா? ஆயுதங்கள் உலகத்தில் பரவாமல் தடுப்பது எப்படி என்பதை. அது எண்பதுகளின் பிற்பகுதி. நான் எம்.ஏ. அரசியல் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆயுதப் பரவல் தடை பற்றியும் சர்வதேசப் பாதுகாப்பு பற்றியும் படிக்க ஒரு வருட ஃபெல்லோஷிப் தருவதாக எங்கள் துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அப்போது எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உலகத்தில் இருக்கிற ஏவுகணைகளையெல்லாம் நான் போய்த்தான் கீழே இறக்கி வைக்க வேண்டும் என்ற நினைப்போடு விண்ணப்பித்தேன்.

டில்லியில் நேர்முகத் தேர்வு நடந்தது. நம் நாடு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டார்கள். அதற்கு மடமடவென்று பதில் சொன்னேன். அடுத்து, விண்ணப்பத்தில் அப்பாவின் ஆய்வகப் பெயரைப் பார்த்துவிட்டு, "உங்கள் தந்தை என்ன ஆயுதம் செய்கிறார்?" என்று கேட்டார்கள். "தெரியாது. எங்கள் வீட்டில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை" என்றேன். நான் ஏதோ பெரிய ரகசியத்தைக் கட்டிக் காக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர்களில் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார். எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம், அப்பாவுக்கு டிபன் பாக்ஸில் புளியோதரை வைத்தால் பிடிக்காது என்பதுதான். எப்படியோ, இடம் கிடைத்துவிட்டது.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எதிர் வீட்டுத் தெலுங்கு அங்கிள், அப்பாவோடு அதே செக்ஷனில் இருப்பவர், நான் மாடியில் துணி எடுக்கப் போனபோது என்னிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வீட்டில் யாருக்காவது வெளிநாட்டுத் தொடர்பு வந்தால் ஆபீஸில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவித்தால், அங்கே வேலை பார்க்கிறவரை முக்கியமான வேலையிலிருந்து நகர்த்திவிடவும் கூடும். நான் படிக்கப் போகிற விஷயமோ இன்னும் வில்லங்கமானது. "உனக்குத் தெரிய வேண்டும்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அங்கிள் இறங்கிப் போய்விட்டார்.

அப்பா அங்கே என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அது அவருக்கு என்னவாக இருந்தது என்பது நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிவிடுவார். சில நாள் வரும்போதே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வருவார். சில நாள் சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். எங்களைவிட அந்த செக்ஷன்மீதுதான் அவருக்குப் பிரியம் அதிகம் என்று அம்மா சடைத்துக்கொள்வாள். அதைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு ஒரு படிப்பா? அன்று சாயங்காலமே அவரிடம் போய், நான் போகவில்லை என்றேன்.

"யாரு உனக்கு இதெல்லாம் சொன்னது?" என்றார். நான் அங்கிளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆபீஸ்ல நான் சொல்லியாச்சு. ஒரு பிரச்சினையும் இல்ல. நீ பாஸ்போர்ட் வேலயப் பாரு."

நம்பினேன். அதற்குப் பிறகு அவர் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். எனக்கு ஸ்வெட்டர் வாங்க சுல்தான் பஜாருக்குக் கூட்டிப்போய், "இத்னா ஜாஸ்தி நக்கோ பாய்", இவ்வளவு விலை வேண்டாம் பாய், என்று அந்த ஊர் உருதுவில் திருநெல்வேலி ராகத்தோடு பேரம் பேசினார். நான் தூரதேசம் போகப் போவதால் என்னோடு இருக்க நேரம் ஒதுக்குகிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. தோழிகளிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மே மாதம் வந்தது. திடீரென்று ஒரு நாள் ஆய்வகத்திலிருந்து ஜீப்புகள் வந்து பிளாக்கில் இருந்த ஆண்களை அவரவர் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு 'டூர்' என்று பெயர். எந்த ஊர், எத்தனை நாள் என்று மனைவிமார்களும் கேட்க மாட்டார்கள். எங்கேயோ ஒரு கடற்கரையில் எதையோ விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மே மாதமும் ஜீப்புகள் வந்தன. அங்கிள் போனார். மாடி வீட்டுக்காரர் போனார். அப்பா பனியனோடு பால்கனியில் நின்று கடைசி ஜீப் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் ஆபீஸைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க டூர் போகலியாப்பா?"

"இல்ல."

"என்னாலயா?"

அவர் திரும்பவில்லை. "ஸ்டோர்ஸ்ல போட்டிருக்காங்க. அதுக்கு மேல சொல்லக்கூடாது" என்றார்.

ஸ்டோர்ஸில் என்ன ரகசியம் இருக்கிறது? நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற இடம்தானே. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்று கத்தினேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"நீ போகாட்டா மட்டும் என்னயத் திரும்ப எடுத்துக்கிடுவாங்களாக்கும்?" என்றார் அப்பா. "எனக்கும் இல்ல, உனக்கும் இல்லன்னு ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்கவா? ஏட்டி, போயி முகத்தக் கழுவு."

பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஐந்தரைக்கு வரும்போதெல்லாம் நான் மாடிக்குப் போய்விடுவேன். கொஞ்ச நாள் கழித்து, ஏவுகணைச் சோதனை வெற்றி என்று ரேடியோ செய்தியில் சொன்னார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செய்தி முடிகிற வரைக்கும் அவர் கை தட்டிலேயே இருந்தது. பிறகு மோர் கேட்டார்.

ஜீப்புகள் திரும்பி வந்தன. அங்கிள் வெயிலில் அடையாளம் தெரியாமல் கறுத்துப்போய் ஒரு இனிப்பு டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஊரிகே, தீஸ்கோண்டி" என்றார். சும்மாதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாடு முழுக்க ரேடியோவில் கேட்ட பிறகும் காஞ்சன்பாக்கில் அந்த இனிப்பு சும்மாதான்; அப்பாவும் முன்பெல்லாம் டூர் முடிந்து வந்தால் அப்படித்தான் கொடுப்பார். அப்பா ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அங்கிள் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்று பிளாக்கில் எல்லா வீட்டிலும் டப்பாக்கள் கைமாறின.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். இரண்டு பெரிய டப்பாக்களோடு வந்து, "ஏட்டி, வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். இவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று எல்லோருக்கும் குழப்பம். இவர்தான் டூரே போகவில்லையே. அப்பா ஒவ்வொரு வாசலிலும் நின்று தன் அரைகுறைத் தெலுங்கில் விளக்கமாகச் சொன்னார். என் பெண் வெளிநாடு போகிறாள், உலகத்தில் ஆயுதம் பரவாமல் தடுப்பதற்குப் படிக்கப் போகிறாள் என்றார். கறுத்துப்போன அந்த ஆண்கள் கையில் இனிப்போடு ஒரு நிமிடம் திகைத்துவிட்டுப் பிறகு என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்கள். அங்கிள் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. படி இறங்கும்போது, "ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டேன்.

காலி டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "என் சர்வீஸ்ல இன்னைக்குத்தாண்டி எதுக்குன்னு சொல்லி ஸ்வீட் குடுத்திருக்கேன்."