மரகதத்துக்காக நான் எழுதிய ‘இல்லை’

இன்று தருமபுரியில், மருத்துவமனையில் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. கை போகவில்லை.

(புள்ளிவிவரத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் படிவம் நிரப்பியே ஓய்வு பெற்றவன் நான். படிவத்தைக் கண்டு பயந்தது இதுவே முதல் முறை.)

இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று எனக்குச் சந்தேகம். என் மனைவி மரகதத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

“எழுதுங்க. நாலு பொம்பளைங்களுக்கு ஆவும். ஆனா நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே எழுதணும்” என்றாள்.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு.

மொரப்பூர் பக்கம் எங்கள் ஊர். போன ஆவணியில் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாக வந்தார். பெண்களிடம் கர்ப்பப்பை, மார்பகம் பற்றிச் சில கேள்விகள். தேவைப்பட்டவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

நான் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

“சார், அம்மா இல்லீங்களா?”

“பின்னால துணி தொவைக்கறா. என்ன வேணும்மா?”

“பொம்பளைங்க விசயங்க சார். அம்மாகிட்டயே கேட்டுட்டாத் தேவலை.”

“வெயில்ல எதுக்கு நிக்கற? தாளைக் குடு, நானே எழுதிடறேன்.”

உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். எங்கள் வேலையின் வழக்கம் அது. எத்தனை மாடு, எந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை, எல்லாவற்றையும் குடும்பத் தலைவர் சொல்வார். நான் எழுதுவேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் திருத்தினால், “நீ கம்முனு இரு” என்பார் தலைவர். நானும் நிமிராமல் எழுதிக்கொண்டே போவேன்.

அன்று தலைவரும் நானே, எழுதுகிறவனும் நானே.

பெயர், வயது அறுபத்திரண்டு, பிள்ளைகள் இரண்டு. தடங்கல் இல்லை.

அடுத்த கேள்வி: மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு உண்டா?

எழுந்து இருபதடி நடந்தால் மரகதம் இருக்கிறாள். கேட்டிருக்கலாம். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் அந்தச் சொல்லை அவளிடம் நான் உச்சரித்ததே இல்லை.

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

செவிலியர் தயங்கினார். “அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேனுங்களே?”

“நாப்பது வருசமா ஒண்ணா இருக்கறோம். எனக்குத் தெரியாதா?”

அவர் போய்விட்டார்.

மதியம் மரகதம் கேட்டாள். “நர்சம்மா கொரல் கேட்டுதே, என்னவாம்?”

“ஏதோ கணக்கெடுப்பு.”

சோற்றில் மோர் ஊற்றியவள் சற்று நின்றாள். (நின்றாளா, அல்லது இப்போது எனக்கு அப்படித் தோன்றுகிறதா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.)

பிறகு கொல்லையில் பழைய சேலையைக் கிழித்த துண்டுகள் கொடியில் காய்வதைப் பார்த்தேன். கேட்டதற்குக் “கரித்துணிங்க” என்றாள். இரண்டு பேருக்குச் சமைக்கும் வீட்டில் எதற்கு அத்தனை கரித்துணி என்று கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

சென்ற மாதம் பொம்மிடியில் ஒரு கல்யாணம். பேருந்தை விட்டு இறங்கும்போது அவள் சேலையின் பின்பக்கம் நனைந்து சிவந்திருந்தது. தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

“சூடுங்க. வெந்தயம் தின்னாச் சரியாப் போயிடும்” என்றாள், என்னைப் பார்க்காமல்.

மறுநாளே தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

இன்று முடிவு வந்தது. கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய்.

மருத்துவர் இளம் பெண். “எப்ப இருந்தும்மா ரத்தம் படுது?”

நான் வாயைத் திறந்தேன்.

“நீங்க கம்முனு இருங்க” என்றாள் மரகதம். “போன ஆடியில இருந்துங்க டாக்டரம்மா. மொதல்ல சொட்டுச் சொட்டாத்தான். ஆம்பள டாக்டருகிட்ட எப்படிச் சொல்றது? நர்சம்மா வந்தாச் சொல்லலாம்னு இருந்தேன். வந்தாங்க. எங்கிட்ட வரலீங்க.”

ஆடிக்கு அடுத்த மாதம் ஆவணி.

வரவிடாமல் திருப்பி அனுப்பியவன் நான் என்று அங்கேயே சொன்னேன். மரகதம் என்னை நெடுநேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஆவணியிலயே இவளக் கூட்டியாந்திருந்தா?” என்று மருத்துவரிடம் கேட்டேன்.

“அதுக்கு என்னால இப்ப பதில் சொல்ல முடியாதுங்கய்யா. எவ்வளவு பரவியிருக்குதுன்னு ஆபரேசன் பண்ணினாத்தான் தெரியும்.”

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அதற்குத்தான் அந்தப் படிவம்.

பேனாவை மரகதத்திடம் நீட்டினேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அந்தக் கேள்வி இதிலும் இருந்தது. ‘ஆம்’ என்பதை அழுத்தி எழுதினாள்.

மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பெண்களே, தயவுசெய்து காட்டுங்கள். ஆண்களே, வீட்டுப் பெண்களைக் கேட்காமல் நீங்கள் எத்தனை ‘இல்லை’ எழுதியிருக்கிறீர்கள்?

படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்த மரகதத்திடம் பேனாவுக்காகக் கை நீட்டினேன்.

தரவில்லை. தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“எங்கிட்டயே இருக்கட்டுங்க. இன்னும் எத்தனை காயிதம் இருக்குதோ.”