ஐம்பது தலைக்கு ஒரு பொம்மை

இந்த ஊரில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் காலி டப்பாவைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பொய் சொல்லவில்லை. லெஸ்டரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் பீட்டர் என்று ஒரு வெள்ளைக்காரன். என் வயசுதான் இருக்கும், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் கூடத்தில் மனுசர் உட்கார இடம் கிடையாது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த வட்ட அட்டை, சோளப்பொரிப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சிப்பாய், தொப்பி போட்ட உருளைக்கிழங்கு மனுசன் என்று வரிசை வரிசையாக வைத்திருக்கிறான். தூசி தட்ட தனி பிரஷ். எங்கள் பக்கம் காலி டப்பாவில் உளுந்து கொட்டி வைப்போம், துரு ஏறினால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குவோம், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. இவன் என்னைப் பார்த்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்டி, அவன் சின்ன வயசைச் சொல்லிக் கண் கலங்குவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அழுகையை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு கொண்டுவருவான்.

அவனைச் சொல்லி என்ன? ஊரில் இருக்கிற உங்களுக்கும் இந்த வியாதி வந்துவிட்டது. என் மகள் விஜயா போனில் காட்டினாள். பழைய மிட்டாய்ப் பேப்பர், பழைய பிஸ்கட் பாக்கெட், அதில் சிரிக்கிற பொம்மை மூஞ்சி, அதற்குக் கீழே "அது ஒரு காலம்" என்று ஆளாளுக்கு உருகுகிறீர்கள். எனக்கு உங்கள் பேரில் கோபம்தான். நீங்கள் வாங்கித் தின்றவர்கள். நான் விற்றவள். அந்தச் சிரிப்பை நான்தான் சரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அதனால் சொல்லவேண்டியதை நானே எழுதுகிறேன். மூணாம் கிளாஸ் தாண்டாதவள், எழுத்துக் கூட்டி எழுத நாலு நாள் ஆகிறது, ஆகட்டும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. விஜயாவுக்கு அப்போது எட்டு வயசு. செவ்வாய்க்கிழமை தவறாமல் காஞ்சிபுரத்திலிருந்து சரக்கு வண்டியில் ஏகாம்பரம் வருவான், பிஸ்கட் ஏஜென்ட். ஒரு செவ்வாய்க்கிழமை புது பிஸ்கட் இறக்கினான். பாக்கெட் மேல் சுருட்டை முடியோடு கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது. பிள்ளைகள் அதற்குக் குண்டப்பன் என்று பேர் வைத்துவிட்டார்கள். கம்பெனி பேரை நான் எழுத மாட்டேன், அதற்கு அந்தப் பெருமை வேண்டாம்.

"யக்கா, இந்த மாதிரி அம்பது தலைய வெட்டிக் குடுத்தா பொம்மை ஒண்ணு ப்ரீ. வயித்த அமுக்கினா கீ கீன்னு கத்தும்" என்றான் ஏகாம்பரம்.

"இன்னாத்த வெட்டணும்?"

"மூஞ்சிதான்கா. கயுத்தாண்ட புள்ளி புள்ளியா கோடு போட்டுக்கீது பாரு, அதும் மேலயே வெட்டிக்கினு போவணும். முழு பாக்கெட்ட குடுத்தா கம்பெனிக்காரன் தொட மாட்டான்."

எனக்கு அப்போது ஏழாம் மாசம். எங்கள் பக்கம் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் புருசன்காரன் கோழிகூட அறுக்க மாட்டான், பூசணிக்காய் உடைக்க அடுத்த வீட்டு ஆம்பிளையைக் கூப்பிடுவோம். குழந்தைக் கழுத்தில் கத்திரிக்கோல் வைப்பதா? என் மாமியார் கேட்டதும் கொதித்தாள். "கொயந்த கயுத்த அறுக்கச் சொல்றானே, அந்தக் கம்பெனிக்காரன் வூட்ல பொம்பளயே இல்லியா?" கத்திரிக்கோலை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். நானும் விஜயாவிடம், "மூஞ்சி மேல கைய வெச்ச, தோல உரிச்சிடுவேன்" என்றேன். வெறும் பாக்கெட்டுகளை நீவி, அடுக்கி, நூலால் கட்டி ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். அவன் அப்படியே திருப்பிப் பெட்டி மேல் போட்டான்.

தெருவில் ரெண்டு பிள்ளைகள் கையில் பொம்மை வந்துவிட்டது. கீ கீ என்று கடை வாசலிலேயே வந்து அமுக்குவார்கள். விஜயா பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒருநாள் பார்க்கிறேன், இவள் மடியிலும் ஒன்று. அப்பன் முகம் மழிக்கிற பிளேடை எடுத்துக்கொண்டு போய், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஐம்பதையும் அறுத்து, ஏகாம்பரத்திடம் அவளே கொடுத்திருக்கிறாள். கேட்டதற்கு மறைக்கவில்லை. "நான்தாம்மா" என்றாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து எனக்கு வலி எடுத்தது. ஆண் குழந்தை. சுருட்டை முடி. அழவில்லை. ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாயில் கிடக்கிறேன். சுற்றிலும் பெண்கள். விஜயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, பொம்மை வயிற்றை அமுக்கினாள். கீ என்றது. "அம்பது போறலியாடி ஒனக்கு? அம்பத்தொண்ணாவதா எம் புள்ளையையும் அறுத்துட்டியேடி" என்றேன். அத்தனை பேருக்கு நடுவில் சொன்னேன். ஒருத்திகூட என் வாயை அடக்கவில்லை, தலையை ஆட்டினார்கள். பிறகு அந்தப் பொம்மையை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. விஜயா படித்தாள், நர்ஸ் ஆனாள், இந்த நாட்டுக்கு வந்தாள், என்னையும் அழைத்துக்கொண்டாள். பிரசவ வார்டில் வேலை. அந்தப் பேச்சை நாங்கள் ரெண்டு பேரும் எடுத்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பீட்டர் கதவைத் தட்டினான். இங்கே ஞாயிறானால் மைதானத்தில் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். கார் பூட் சேல் என்பார்கள். அங்கே ஒருத்தனிடம் வாங்கினானாம். அடியில் இந்தியா என்று எழுதியிருந்ததாம், எங்களுக்குத்தான் என்று தீர்மானம் பண்ணிவிட்டான். நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்த விஜயா கையில் வைத்தான். சாயம் போய், மூக்குத் தேய்ந்து, குண்டப்பன்.

"ஹேப்பி சைல்ட்ஹுட், யெஸ்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சாவு வூட்டுப் பொருள எடுத்தாந்து சிரிக்கிறியாடா? தூக்கிக்கினு போடா" என்றேன்.

அவன் விஜயா முகத்தைப் பார்த்தான். "மம் சேஸ் தேங்க் யூ" என்றாள். அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனான்.

விஜயா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பொம்மை வயிற்றை அமுக்கினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"மா, இன்னும் நான்தான்னு நெனைக்கிறியா?"

நான் கதவைச் சாத்தப் போனேன்.

"வார்டுல ஒவ்வொரு கொயந்தயும் பொறந்து அழுற வரைக்கும் என் கையில அந்த பிளேடு இருக்கறா மாதிரியே தோணும்மா. முப்பது வருசமா."

நான் யாரிடமும் தப்பென்று ஒப்புக்கொண்டவள் இல்லை. புருசனிடமும் இல்லை, மாமியாரிடமும் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். "அந்த பிஸ்கட்டு அப்பிடி வித்துச்சிடி. ஏகாம்பரம் ரோட்டுலயே எறக்கிட்டுப் பூடுவான். ஒங்கப்பன் வர்ற வரைக்கும் பொறுக்காம பெட்டி பெட்டியா நான்தான் தூக்கி உள்ள வெச்சேன். வயித்தோட. ஆஸ்பத்திரி நர்ஸம்மா கேட்டாங்க, பாரம் தூக்கினியான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். வூட்டுக்கு வந்து ஒம் மேல போட்டுட்டேன்."

கத்துவாள், பொம்மையை என் மேலேயே எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பொம்மையை மெதுவாக மேசை மேல் வைத்தாள்.

"பாரம் தூக்கினதால மட்டும் அப்பிடி ஆவாதும்மா" என்றாள், வார்டில் யாருக்கோ சொல்கிற மாதிரி. "சில கொயந்தைங்க தங்கறதில்ல. காரணம் கெடையாது."

காரணம் கிடையாதாம். அப்படியென்றால் இத்தனை வருசம் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? திட்ட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தது, என் பிள்ளை போன அன்றைக்கு இருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாயந்திரம் அவள் தூங்கி எழுந்ததும், "ஏரிக்கரைக்கு ஒருக்கா போய்ட்டு வரலாம், டிக்கெட் பாரு" என்றேன். போனை எடுத்தாள். போவதற்கு ஒரு தேதி, திரும்புவதற்கு ஒரு தேதி போடச் சொல்கிறதாம். "திரும்பறது என்னிக்குன்னு போடட்டும்மா?" என்று கேட்டாள். ஒரு பிள்ளை அந்தக் கரை மண்ணில், ஒரு பிள்ளை என் எதிரில் தலை கலைந்து உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பக்கம் போனால் எனக்குத் திரும்புவது என்று தெரியவில்லை. டிக்கெட் இன்னும் போடவில்லை.