கட்டெறும்பு நீளத்தில் ஒரு காயம்

எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையொன்றில் நாங்கள் ஆறு பேர் வேலை பார்க்கிறோம். டாக்டர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, அவர் செய்த சிகிச்சைக்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் பில் தயாராகும். இதற்கு கோடிங் என்று பெயர். முகத்தில் போட்ட தையல் என்றால் காயம் எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை சென்டிமீட்டர் என்று மூன்றும் தெரிந்தாக வேண்டும். மூன்றாவதை எழுத டாக்டர்கள் மறப்பார்கள். மறந்தவர்களைச் சும்மா விடாத ஒருவர் எங்கள் அறையில் இருந்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா.

பதினோரு வருடமாக முகக் காயங்களெல்லாம் அக்காவின் மேஜைக்குத்தான் வரும். நாய் கடித்த கன்னம், குளியலறையில் வழுக்கிப் பிளந்த தாடை, எதுவானாலும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே படிப்பார். நிஜ ரத்தம் மட்டும் ஆகாது. வீட்டுக்காரர் சவரம் செய்யும்போது லேசாகக் கீறிக்கொண்டால் போதும், இவர் உட்கார இடம் தேடுவார்.

போன வருடம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு இளம் டாக்டர் வந்தார். கைராசிக்காரர் என்று வந்த மூன்றாம் நாளே பேர் வாங்கிவிட்டார். எழுத்துதான் வராது. “முகத்தில் காயம். தையல் போடப்பட்டது. நோயாளி நலம்.” எவன் வந்தாலும் இந்த மூன்று வாக்கியம்தான். அக்கா கம்ப்யூட்டர் வழியாகக் கேள்வி அனுப்பினார்: “நீளம் எவ்வளவு?”

“சின்னது” என்று பதில் வந்தது.

“சின்னது என்றால்?”

“ரொம்பச் சின்னது.”

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கேட்டார். இந்த முறை, “ஒரு கட்டெறும்பு நீளம்” என்று வந்தது. நாங்கள் ஐந்து பேரும் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டோம். அக்கா சிரிக்கவில்லை. “கட்டெறும்பு நின்றுகொண்டிருந்ததா, ஊர்ந்துகொண்டிருந்ததா? ஊரும்போது நீளம் மாறும்” என்று தட்டி அனுப்பினார். அதற்குப் பதிலே வரவில்லை. கேள்விகளின் கீழே “கோடிங் பிரிவு, மேஜை நான்கு” என்று மட்டும்தான் இருக்கும். அதனால் கேட்பது ஆணா பெண்ணா என்றுகூட டாக்டருக்குத் தெரியாது.

நிலுவையில் பதினேழு கேள்விகள் சேர்ந்ததும் அக்கா பொறுமை இழந்தார். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நேர்லயே போய்க் கேக்குறேன். எறும்பையும் கூட்டிட்டு வரட்டும்.”

“நானும் வரேன்க்கா” என்று கிளம்பினேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு?

அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். அப்படித் துடைத்திருந்தார்கள். பட்டியலைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்த அக்காவுக்குக் கதவு இருப்பதே தெரியவில்லை. ‘டம்’ என்று ஒரு சத்தம். மூக்குக்கண்ணாடி உடைந்து வலது புருவத்தைக் கிழித்துவிட்டது, மேலுதடும் பிளந்திருந்தது. அக்கா ஒன்றும் ஆகாதவர்போல நிமிர்ந்துதான் நின்றார். கையிலிருந்த வெள்ளைத் தாளில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. அதைப் பார்த்தார். அவ்வளவுதான், என் தோளில் சரிந்துவிட்டார்.

கண் விழித்தபோது தையல் மேஜையில் படுத்திருந்தார். மேலே ஒரு இளம் முகம் குனிந்திருந்தது.

“பயப்படாதீங்கம்மா. சின்னக் காயம்தான்.”

சின்ன என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவின் கண் அகலமாகத் திறந்தது. “எவ்...” என்று ஆரம்பித்தார்.

“பேசாதீங்க. உதட்டுல மருந்து போட்டிருக்கு.”

அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார்.

“தழும்பா? அவ்வளவு பெருசால்லாம் வராதும்மா.”

அக்கா தலையை ஆட்டினார். விரல்களை இன்னும் வேகமாக விரித்து மூடினார். தண்ணீர் கேட்கிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸுக்கு மட்டும் புரிந்தது.

“டாக்டர், நீளம் கேக்குறாங்க. இவங்கதான் மேஜை நாலு.”

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. “நீங்களா?” என்றார். “பெரிய மீசை வெச்ச, ரிட்டயர் ஆகப்போற ஒருத்தர்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!”

பிறகு ஸ்கேலை எடுத்தார். புருவம் இரண்டு புள்ளி எட்டு, உதடு ஒன்று புள்ளி நான்கு. தேர்வு எழுதும் பையன்போல ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார். “புருவத்துல உள்ள ஒரு அடுக்கு போடுறேன். அப்புறம் வெளிய ஒரு அடுக்கு. உதட்டுல ஒரே அடுக்குதான், சரியா?” அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். ஊசியைப் பார்க்கவேயில்லை. ஆனால் கேட்டார். புருவத்தின் இரண்டு கரையும் ஒரு மயிரளவு விலகினாலும் முகம் கோணிப்போகும் என்று டாக்டர் நர்ஸிடம் மெல்லச் சொன்னதையும், பக்கத்துக் கட்டிலில் கத்திக்கொண்டிருந்த ஒரு கிழவரை அங்கிருந்தே “இதோ வந்துட்டேன் பெரியவரே” என்று நாலு தடவை சமாதானப்படுத்தியதையும் கேட்டார். அளக்க ஏன் மறக்கிறார் என்பது லேசாகப் புரிந்திருக்க வேண்டும். அதை அக்கா ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். உதடு வீங்கியிருந்ததால் பேச முடியவில்லை. அவருடைய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. சொந்த ஃபைலை யாரும் தொடக்கூடாது. டாக்டர் பதினான்கு வரி எழுதியிருந்தார். நான் இரண்டு நீளத்தையும் கூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா என் பின்னால் மூன்றாவது தடவையாக நடந்து போனார். ஒரு துண்டுச் சீட்டு என் மேஜையில் விழுந்தது: “கூட்டிவிடாதே.”

“உங்க ஃபைலப் பத்தி உங்ககிட்ட பேசக்கூடாதுக்கா” என்றேன். அந்த விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். முறைத்துவிட்டுப் போனார். மறுபடி பார்த்தேன். ஒரே வகைத் தையலாக இருந்தால்தான் கூட்டலாம். இங்கே ஒன்று இரண்டடுக்கு, மற்றது ஓரடுக்கு. தனித்தனியாகப் போட்டேன். அவர் சொன்னதால் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் தையல் பிரிக்க வீட்டுக்காரரோடு வந்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற, வாய் ஓயாத மனிதர். நானும் துணைக்குப் போனேன். டாக்டர் நூலை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். அக்கா முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் மறு கண்ணையும் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“டாக்டர், தச்ச புருவம் கொஞ்சம் ஏறியிருக்கு.”

டாக்டர் முகம் வாடிவிட்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். “தையல் சரியா இருக்கேம்மா. ஒருவேளை முன்னாடியே...”

“ஆமா டாக்டர்,” என்றார் வீட்டுக்காரர், தன்னால் உதவ முடிந்த மகிழ்ச்சியில். “வலது புருவம் எப்பவுமே ஏறித்தான் இருக்கும். பொண்ணு பாக்க வந்தப்பவே கவனிச்சேன்.”

அக்கா கண்ணாடியை மெதுவாக மேஜையில் வைத்தார்.

“இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?”

டாக்டர் அவசரமாக அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கதவுக்கு வெளியே தெரிந்த மாடிப்படியைப் பார்த்தேன்.

“அழகாத்தானே இருந்துச்சு,” என்றார் அவர், பாதிக் குரலில்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கண்ணாடிக் கதவருகே நின்று, கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, திறந்து, வீட்டுக்காரர் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.