அலமேலு ஏறிப் பார்த்த மூன்று கார்கள்

மஸ்கட்டில் நான் ஓட்டுகிற காரின் கதவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்றை அழுத்தினால் ஓட்டுகிறவர் சீட் என் அர்பாப்புக்கு, அதாவது முதலாளிக்கு, ஏற்றபடி பின்னால் நகரும். இரண்டு அவர் மனைவிக்கு. மூன்று எனக்கு. காலையில் நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெருமாளே என்று மூன்றை அழுத்துவேன். சீட் மெதுவாக முன்னால் வந்து என் முதுகைத் தாங்கிக்கொள்ளும். உத்திரமேரூரில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேராக நெருங்கிப் போய்ப் பழகியவனுக்கு இது இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், எந்தக் காரில் முட்டி இடிக்கும், எதில் தலை தட்டும் என்று ஏறாமலே சொல்வேன் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைப் பற்றித்தான் ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் வெளியூரில் ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரி அலமேலு சனிக்கிழமை தோறும் திருமுக்கூடல் பெருமாளைச் சேவிக்கப் போவாள். பஸ் சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது என்று போனில் ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன ஆவணியில் லீவில் போனபோது ஒரு பழைய கார் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் தம்பி தணிகை வாடகை வண்டி ஓட்டுகிறவன். காஞ்சிபுரம் ரோட்டில் பழைய கார் விற்கும் இடத்துக்கு அவன்தான் எங்களை அழைத்துப் போனான்.

முதலில் ஒரு சின்னக் கார். பின்னால் மூன்று பேர் என்று சொல்வார்களே தவிர, நடுவில் உட்காருகிறவர் கால் வைக்கத் தரையில் ஒரு மேடு தடுக்கும். முன்சீட்டைக் கொஞ்சம் தள்ளினால் பின்னால் இருப்பவர் முட்டி மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் நான் தணிகைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்தான். "மாமா, நீ மெத்த மேல குந்திக்கினு ஓட்ற ஆளு. நம்ம ஊருக்கு இது போதும்." அலமேலுவை ஏறச் சொன்னேன். புது வண்டியில் முதல்முதலாக ஏறும்போது வலது காலை எடுத்து வைக்கவேண்டும், எங்கள் வீட்டு வழக்கம் அது. அவளோ முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் உள்ளே இழுத்தாள். எனக்கு முகம் சுருங்கியது.

அடுத்தது டிக்கி வைத்த நீளமான கார். சீட் வழுவழுப்பாக, சாய்ந்தால் தூக்கம் வரும்போல் இருந்தது. ஆனால் தாழ்வு, கிணற்றில் இறங்குகிற மாதிரி. கூரையும் பின்னால் சரிந்து தலையைத் தொட்டது. அதிலும் அவள் அதேபோல்தான் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியாமல் தம்பி கையைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு போட்டுவிட்டது உனக்கு என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது, ஏழு பேர் போகிற உயரமான கார். தொடை முழுக்கத் தாங்குகிற அகலமான சீட், கால் நீட்ட இடம், தலைக்கு மேல் ஒரு முழம் காலி. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதையாவது ஒழுங்காக, வலது காலை வைத்து ஏறு என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே சொன்னேன். அவள் மேல் பிடியைப் பிடித்து இடது காலை வைத்து ஏறினாள். பிறகு வலது முட்டியைப் புடவையோடு சேர்த்துக் கையால் அள்ளி, ஒரு மூட்டையைத் தூக்கி வைப்பதுபோல் உள்ளே வைத்தாள். நல்ல காரியத்தில் இப்படிச் செய்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவன் நான். ஏறுகிறவர் எங்கே வலிக்கிறது என்று முகம் சுளித்தால் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது சகுனத்தை மட்டும்.

அந்தக் காரைத் திருப்புலிவனம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழி நெடுக நான் சீட்டைப் பற்றியே பேசினேன். இறங்கும்போது தணிகைதான் முதலில் பார்த்தான்.

"யக்கா, உன் செருப்பு இங்கியே கீதே."

நாங்கள் புறப்பட்ட இடத்தில் அவளுடைய வலது கால் செருப்பு கிடந்தது. அலமேலு குனிந்து தன் காலைப் பார்த்தாள், பிறகு செருப்பைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பில்லாமல் போய்வந்தது அவளுக்கே தெரியவில்லை.

"மூணு மாசமா அந்தக் கால்ல ஒண்ணும் தெரியலைங்க," என்றாள். "சொன்னா நீங்க அங்க வண்டி ஓட்டிக்கினே யோசிச்சிக்கினு இருப்பீங்கன்னுதான் சொல்லல."

கார்க்காரர் விலை சொல்ல வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

காஞ்சிபுரத்தில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, ஆபரேஷன் செய்தாகவேண்டும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் தேதி கொடுக்க முடியும் என்றார். சர்க்கரை இறங்குவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. மூன்று காரில் எதையும் வாங்கவில்லை. கடைசியில் அவளுக்குச் சரிப்பட்டது தணிகையின் பழைய வேன்தான். ரெக்சின் கிழிந்து, ஸ்பிரிங் உறுத்துகிற சீட். ஆனால் கதவு பக்கவாட்டில் முழுக்கத் தள்ளித் திறக்கும். சீட் அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. சாய்ந்தபடி உட்கார்ந்து திரும்பிக்கொண்டால் போதும், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். சுகமான சீட் என்றால் மெத்தை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இங்கே வந்த மறுவாரம் அர்பாப்பிடம் எனக்குத் தெரிந்த அரபியில், என் மனைவியால் காரில் ஏற முடியவில்லை, திரும்ப லீவு வேண்டும் என்றேன். அவர் தோளில் தட்டிச் சிரித்தார். சின்னக் கார் வாங்கியிருப்பாய், பெரிய சய்யாரா, பெரிய வண்டி வாங்கு, கால் வைக்க இடம் இருக்கும் என்றார். நல்ல மனிதர்தான். மறுபடி விளக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம் லீவு விடட்டும், இன்ஷா அல்லாஹ் போகலாம் என்றார். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் பெருமாளிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். வலது காலை வை என்று அவளை அதட்டினேனே, அந்தப் பாவத்தை என் தலையில் எழுதட்டும், அவள் காலில் எழுதவேண்டாம்.

இன்று காலை அர்பாப்பின் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவருக்காக ஆபீஸ் வாசலில் காத்திருந்தபோது தணிகையின் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அலமேலு போனைச் சீட்டில் வைத்திருப்பாள்போல. வேனின் கூரைதான் ஆடிக்கொண்டு தெரிந்தது. ரோட்டுச் சத்தம் கேட்டது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எந்தக் கால கேக்கறீங்க?" என்றாள்.

இதுவரை வலது காலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தணிகை முன்னாலிருந்து என்னமோ சொன்னான், சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் அர்பாப் வந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, விமான நிலையம் என்றார், யாரையோ அழைத்துவர. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அங்கே வேன் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் மடியில் அந்தக் கூரை குலுங்கியது. என் கார் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது.