அம்மன் படத்தின் மேல் ஒழுகிய தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எழுதினால் அம்மனைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். மாடி வீட்டு முசியேவின் மரியாதை போய்விடுமே என்று இன்னொரு பயம். கடைசியில் சூடம் ஏற்றி அம்மனிடம் கேட்டேன். இப்போது பிரான்சில் பிள்ளையோடு இருக்கும் முசியேவிடம் போனில் கேட்டேன். "எழுது தம்பி. நான் அழகா இருந்தேன்னும் சேத்து எழுது" என்றார். அழகாகத்தான் இருந்தார்.

நான் மில்லில் வேலை பார்த்தவன். படிப்பு எட்டாவதோடு சரி. செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தோம். எங்களுக்கு நேர் மேலே முசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற நம்மூர்க்காரர். தனி ஆள். தெருவே அவரை முசியே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் ஒரு அம்மன் படம் உண்டு. என் மனைவி கல்யாணமாகி வரும்போது அவள் அம்மா கையில் கொடுத்து அனுப்பியது. அந்த அம்மா இப்போது இல்லை. படம் மாட்டியிருந்த சுவரில்தான் ஒருநாள் ஈரம் பூத்தது. மாடி பாத்ரூம் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் வருகிறது. மேலே போய்ச் சொன்னேன்.

"கொழாய் எங்க இருக்கு தம்பி?"

"எங்க செவுத்துக்குள்ள."

"அப்ப உன் கொழாய்."

"அதுல வர்ற தண்ணி யாருது முசியே?"

"தண்ணி கவர்மெண்டுது" என்றார். "பிரான்சுல இதுக்கெல்லாம் அஸ்யூரன்ஸ் இருக்கு, நம்மூரு இன்சூரன்சு மாதிரி. ஒரு போன் போட்டா அவனே வந்து செவுத்த ஒடச்சி, அவனே பூசிட்டுப் போவான்."

"இது முத்தியால்பேட்டை முசியே."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

இப்படியே பேசிக்கொண்டிருந்ததில் ஆடி மாதம் பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை காலை என் மனைவி விளக்கேற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரிலிருந்து முத்து முத்தாய்த் தண்ணீர் இறங்கி, படத்துக் கண்ணாடியில் அம்மன் முகத்தின் மேல் வழிந்துகொண்டிருந்தது. கமகமவென்று சந்தன வாசனை.

"இன்னாங்க, நாம சந்தனமே அரைக்கலியே" என்றாள்.

நானும் நம்பினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதிர் வீட்டு அக்கா ஓடிவந்து பார்த்து, "ஆடி வெயிலு ஆத்தாளுக்கே வேர்க்குதுடி" என்றார். பத்து மணிக்குள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீரைப் பிடித்துத் தீர்த்தம் கொடுத்தோம். முசியேவும் குளித்து, பட்டை போட்டு, இறங்கிவந்து இரண்டு கையாலும் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"பாத்தியா தம்பி, அம்மன் விஷயத்துல போய்க் கொழாய இழுத்தியே."

அதோடு குழாய் யாருடையது என்ற பேச்சே நின்றுபோனது.

ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. தினமும் காலையில் வந்தது. சட்டத்தின் ஓரம் வழியாக உள்ளே புகுந்து, படத்தில் அம்மன் சேலையின் சிவப்பு கரைய ஆரம்பித்தது. பிறகு ஒரு பக்கத்துக் கன்னம் வெளுத்தது. என் மனைவி முந்தானையால் ஒற்றி எடுப்பாள், பார்ப்பாள், மறுபடி ஒற்றுவாள்.

"எதிர்ச் செவுத்துல மாட்டிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

எதிர் வீட்டு அக்கா காதில் விழுந்துவிட்டது. "அவளா வந்து நிக்கிற எடம். நீ யாரு நகத்தறதுக்கு? எதுனா ஆச்சின்னா நீ தாங்குவியா?"

நான் தாங்க மாட்டேன். என் மனைவி மறுபடி முந்தானையை எடுத்தாள்.

ஆவணியில் முசியே பிள்ளையைப் பார்க்கப் பிரான்சுக்குப் போனார். மறுநாளே தண்ணீர் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மீனு சாப்ட்டியா?" என்றார் அக்கா.

சாப்பிட்டிருந்தேன். தேங்காய்த்திட்டு வரைக்கும் சைக்கிளில் போய் வாங்கிவந்த வஞ்சிரம். அன்றோடு மீனை விட்டேன். வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவேன். ஒழுகிய சுவர் மறுபடி ஒழுக வேண்டுமென்று விரதம் இருந்தவன் புதுச்சேரியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முசியே திரும்பி வந்த மறுநாள் காலை தண்ணீரும் வந்தது. இந்தத் தடவை வேறு வாசனை. மல்லியும் இல்லை, ரோஜாவும் இல்லை, மரிக்கொழுந்தும் இல்லை.

"இது பூலோகத்துப் பூவே இல்ல" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முசியே குளித்துவிட்டு இறங்கிவந்தார். தீர்த்தத்தைக் கையில் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நின்றார். முகர்ந்தார். தன் தோளை முகர்ந்தார். மறுபடி கையை முகர்ந்தார்.

"மோன் தியே!" என்றார். கடவுளே என்று பிரெஞ்சில் சொல்வது அது.

விறுவிறுவென்று மாடிக்குப் போய், ஊதா நிறத்தில் ஒரு ஈர சோப்பை எடுத்துவந்து என் மனைவியிடம் நீட்டினார். "எம்மருமவ குடுத்து அனுப்பிச்சா தங்கச்சி. இதுக்கு முன்னாடி போட்டது சந்தன சோப்பு."

என் மனைவி சோப்பை முகர்ந்தாள். சுவரை முகர்ந்தாள். அக்கா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். முசியேவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானே என் குளிச்ச தண்ணிய ஆடி பூரா தலையில தெளிச்சிருக்கேன்" என்றார்.

நான் என் மனைவியைத்தான் பார்த்தேன். அழப்போகிறாளோ என்று பயந்தேன். அவளோ அக்காவைப் பார்த்து, "அப்ப படத்த நகத்தலாம்ல?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு அவளே ஏறிக் கழற்றினாள். மடியில் வைத்துக்கொண்டு பழைய வேட்டியால் துடைத்தாள். அப்போதுதான் அழுதாள். ஒரு கன்னம் போயிருந்தது. கண் இரண்டும் அப்படியே இருந்தன.

முசியே தன் பாத்ரூம் தரையைத் தோண்டச் சொன்னார். குழாய் விரிசல் விட்டிருந்தது சரியாக அவர் தரையும் என் சுவரும் சேரும் இடத்தில். பழைய சண்டையைத் தாராளமாக மறுபடி ஆரம்பித்திருக்கலாம். இருவருக்கும் வாய் வரவில்லை. அவர் தரையை அவர் பூசினார், என் சுவரை நான் பூசினேன். வேலை முடியும் வரை எங்கள் வீட்டில்தான் குளித்தார்.

"முசியே, இந்தத் தண்ணி எங்க போவுதுன்னு பாத்துக்குங்க" என்பாள் என் மனைவி கதவுக்கு வெளியே நின்று.

புதுப் படம் வாங்கித் தருகிறேன் என்றார் முசியே. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அதே படம் எதிர்ச் சுவரில் இருக்கிறது. நான் மறுபடி மீன் சாப்பிடுகிறேன்.

இப்போது எழுதக் காரணம், கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: முத்தியால்பேட்டையில் அம்மன் படத்திலிருந்து பால் வடிந்ததாம், ஒரு வெள்ளைக்காரன் அதைக் குடித்து நடக்க ஆரம்பித்தானாம். முசியே என்னைவிடக் கறுப்பு. எப்போதும் நன்றாகவே நடப்பார்.

அம்மன் எங்களைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். அதற்கு அவளுக்குச் சோப்பு வேண்டியதில்லை. ஆகவே இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது பாலைச் சேர்க்காதீர்கள், சோப்பை எடுக்காதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.