கடவுளுக்கு ஒரே தொண்டை

அவரை ஊரே 'இடி' என்றுதான் கூப்பிட்டது. டப்பிங்தான் தொழில். அசுரன், அரக்கன், வில்லனுக்கு வில்லன், எதற்கும் அவர்தான். ஒரு டைனோசருக்குக்கூட உறுமிக் கொடுத்திருக்கிறார். அவர் தும்மினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து உட்காரும். அப்பேர்ப்பட்ட தொண்டையில் கட்டி வந்து, டாக்டர் கத்தி வைத்தார். உயிர் தப்பியது. குரல்தான் பாதி காற்றும் பாதி கரகரப்புமாகப் போய்விட்டது. யாராவது "ஐயோ பாவம்" என்றால் மனுஷன் அடிக்கவே போவார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்தது. யூதர்களின் வேதக் கதைகளையும் கிறிஸ்தவர்களின் வேதக் கதைகளையும் சேர்த்து ஒலிநூலாக்குகிறார்களாம். இயக்குநர் என்ன செய்தார் தெரியுமா? கடவுளையே பாகப்பிரிவினை செய்துவிட்டார்! பழைய வேதத்துக் கடவுளுக்கு இடியின் குரல், எக்கோ போட்டு. புதிய வேதத்துக் கடவுளுக்கு விளம்பரத்தில் குழந்தை சோப்பு விற்கிற தேன்குரல் தம்பி. இடிக்கு ஆபரேஷன் ஆன சேதி இயக்குநருக்குத் தெரியாது. இடியும் மூச்சு விடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்திருந்தவர் இடியின் சம்பந்தி. அவர் யூதர், இடி கிறிஸ்தவர். பிள்ளைகளின் கல்யாணத்தில் முறைத்துக்கொண்டு நின்ற இருவரும் இப்போது ஒருவர் காலை ஒருவர் வாராமல் காபி குடிக்க மாட்டார்கள்.

முதல் காட்சி, தோட்டம். தின்னக் கூடாத பழத்தைத் தின்றுவிட்டு ஒளிந்துகொண்ட முதல் ஆணையும் பெண்ணையும் கடவுள் 'எங்கே இருக்கீங்க' என்று கேட்கிற இடம். இடி அடிவயிற்றிலிருந்து முழங்கினார். பாதியிலேயே குரல் பிசிறிக் கம்மியது. மறுபடி முயன்றார், இருமல்தான் வந்தது.

"சார், நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. வேற ஆளைக் கேட்டுப் பார்க்கறேன்" என்று இயக்குநர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இதுவும் போனால் இனி ஒருத்தனும் கூப்பிட மாட்டான். அது இடிக்கு நன்றாகத் தெரியும்.

ஹெட்போனில் சம்பந்தியின் குரல் வந்தது. "ஏன் சம்பந்தி, எங்க கடவுளை இப்படி லவுட்ஸ்பீக்கர் ஆக்கறீங்க?"

"உங்க கடவுள் கோபக்காரர்தானே ஐயா? எங்க புத்தகத்துலதானே சாந்தமானார்?"

"கிழிச்சீங்க! தோட்டத்தை விட்டு விரட்டறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேருக்கும் தோல்ல சட்டை செஞ்சு போட்டுவிடறார், படிச்சதில்லையா? உங்க புத்தகத்துல கோயிலுக்குள்ள கடை போட்டவங்க மேசையைக் கவுத்தது யாரு? அதை சாந்தமாவா கவுத்தார்?"

இடி கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். சம்பந்தி விடவில்லை.

"கடவுள் மனுஷனா வந்தார்னு நீங்க சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்தச் சண்டை நமக்கு ஆயுசுக்கும் இருக்கட்டும். ஆனா கோபத்துக்கு ஒருத்தர், பாசத்துக்கு ஒருத்தர்னு ஆள் பிரிக்காதீங்க. என் மருமக எல்லாம் சொல்லியிருக்கா. கல்யாணப் பேச்சை எடுத்த அன்னிக்கு 'வெளியே போ'ன்னு வீடே அதிரக் கத்தினீங்களாமே? அப்புறம் கொட்டற மழையில ஸ்வெட்டரைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பூரா அவளைத் தேடினது யாரு? வேற அப்பனா?"

இடிக்கு அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. காற்றாக வந்த குரலில்தான் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி மகளைக் கூப்பிட்டார்.

"எக்கோவைத் தூக்கிப் போடுங்க. ரெக்கார்டு பண்ணுங்க" என்றார்.

"எங்கே இருக்கீங்க?"

அவ்வளவுதான் சொன்னார். கோபம் இருந்தது, பயமும் இருந்தது, பிள்ளையைக் காணோமே என்கிற தவிப்பும் இருந்தது. இயக்குநர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த போன் "ஹலோ, ஹலோ" என்று கத்தியது. அவர் அதை அணைத்துப் பையில் போட்டார்.

"சார், புதிய வேதத்துல மேசையைக் கவுக்கற காட்சியையும் நீங்களே பேசுங்க."

பேசினார். அந்தக் கரகரப்பில் மேசை மட்டுமா, கூரையே கவிழ்ந்தது! சாயங்காலத்துக்குள் இரண்டு வேதத்துக் கடவுளும் இடியின் கைக்கு வந்தாயிற்று. தேன்குரல் தம்பிக்குத் தேவதூதன் வேஷம். சம்பந்தி ஓடிவந்து கட்டிப்பிடித்ததில் இடியின் மூக்குக்கண்ணாடி வளைந்தது. அதற்கப்புறம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேலை மேல் வேலை, எல்லாம் அந்தக் கரகரக் குரலுக்காகவே.

ஒலிநூல் வெளியான அன்று இரண்டு குடும்பமும் மகள் வீட்டுக் கூடத்தில் கூடியது. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மகளின் காதில் 'எங்கே இருக்கீங்க' என்கிற அந்தக் கேள்வி விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இங்கதாம்ப்பா இருக்கேன்" என்றாள்.